கையெழுத்துக்கு மாசச் சம்பளம்

எஸ்டேட் ரைட்டர் என்பவன் அடுத்தவர் உழைப்பைக் காலையில் பேராகவும் மாலையில் நாளாகவும் மாதக் கடைசியில் கூலியாகவும் எழுதி வைக்கிறவன். எந்த உழைப்புக்கு எவ்வளவு என்று மட்டும் அவனை யாரும் கேட்க மாட்டார்கள். அந்த வேலையை ஏற்காட்டு மலையில் ஒரு காப்பி எஸ்டேட்டில் இருபது வருஷத்துக்கு மேல் பார்த்தேன்.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இங்கே சொல்லப்போகிறவற்றில் முக்கியமான சம்பவம் நடந்தபோது நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். உள்ளே நடந்ததை, அதை நடத்தியவர் வாயால்தான் கேட்டேன். கல்யாண வீடுகளிலும் ரயிலிலும் எத்தனையோ பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறை சொல்லி முடித்ததும், இது இப்படித்தான் நடந்ததா என்ற சந்தேகம் எனக்கே வந்துவிடும். பல வருஷமாக வருகிறது. படிப்புக்கேற்ற சம்பளம் என்று நம்பிப் படித்துவிட்டு, முதல் சம்பளக் கவரைப் பிரித்து இரண்டு முறை எண்ணிப் பார்த்த என் இனத்தவர்களே, கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

கேக்கும் பட்டமும்

எழுபதுகளின் நடுவில், ஒரு ஜனவரிக் குளிரில், சேலத்திலிருந்து பி.ஏ. பொருளாதாரப் பட்டத்தோடு மலை ஏறினேன். மேனேஜர் என் சான்றிதழைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, “உன் பேரையும் அட்ரஸையும் எழுது” என்றார். எழுதினேன். எனக்குக் கொஞ்சம் அழகான எழுத்து. எந்தச் சொல்லானாலும் கடைசி எழுத்தின் முனையைக் கீழே இறக்கி இடப்பக்கமாக ஒரு சுழி சுழித்து விடுவேன். அந்த வால் அவருக்குப் பிடித்திருந்தது. “நாளைக்கே வந்துடு” என்றார். மூன்று வருஷப் படிப்பு எதற்குப் பயன்பட்டது என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. வேலை கிடைத்தவன் யோசிக்க மாட்டான்.

அந்த மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் எழுதும்போது யோசித்தேன். பங்களா சமையல்காரர் அந்தோணியின் பெயருக்கு நேரே இருந்த தொகை என்னுடையதைவிடப் பெரியது. வரி மாறி எழுதிவிட்டேனோ என்று பழைய பட்டியலை எடுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அந்தோணி மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். ஆனால் அவர் செய்கிற பிளம் கேக்குக்காகவே மெட்ராஸிலிருந்து விருந்தாளிகள் வருவார்கள். பக்கத்து எஸ்டேட்காரர் இரண்டு முறை ஆள் விட்டு அவரை அழைத்துப் பார்த்தாராம். ஒவ்வொரு முறையும் எங்கள் மேனேஜர் சம்பளத்தை ஏற்றியிருக்கிறார். என்னை யாரும் அழைத்ததில்லை. என் முகம் போன போக்கைப் பார்த்து அந்தோணிக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு துண்டு கேக்கைக் காகிதத்தில் மடித்து என் மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்: “பொருளாதாரம்னு என்னமோ படிச்சிருக்கீங்களாமே தம்பி, அதுல உங்க சம்பளத்தைப் பத்தி ஒண்ணும் போடலையா?”

மரம் கேட்காத கேள்வி

காவேரியை எனக்குத் தெரியவந்தது மிளகுப் பறிப்பில். வாழவந்திப் பக்கம் ஒரு மலைக்குடும்பம். கொஞ்சம் சாமை வயலும் ஏழெட்டு ஆரஞ்சு மரங்களும் சொந்தமாக உண்டு. அதைப் புருஷன் பார்த்துக்கொள்வார். அந்த நிலத்தில் விளைவது பாதி வருஷத்துக்குத்தான் காணும் என்பதால் காவேரி எஸ்டேட்டுக்குக் கூலிக்கு வந்தார். அப்போது முப்பது வயது இருக்கும். தலையில் துண்டு, இடுப்பில் சாக்கு, எதையும் கேட்டுவிடுகிற வாய்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று சட்டம் வந்திருந்த சமயம் அது. எங்கள் எஸ்டேட் அதை மீறவில்லை. வேலைக்குப் பெயர் மாற்றிவிட்டது. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணியைச் சாய்த்து, ஏறிப் பறிப்பது ‘ஏறு வேலை’. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு உதிர்ந்த மிளகைப் பொறுக்குவது ‘பொறுக்கு வேலை’. முன்னதற்குக் கூலி அதிகம். முன்னதை ஆண்கள் செய்தார்கள், பின்னதைப் பெண்கள் செய்தார்கள். அதனால் சட்டத்துக்கும் எங்களுக்கும் சண்டையே இல்லை.

ஒருநாள் ஏறுகிறவர்களில் நாலு பேர் ஒரு சாவுக்குப் போய்விட்டார்கள். மிளகு பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தது. காவேரி புடவையைத் தார் பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டார். சாயங்காலம் அவர் இறக்கிய சாக்கு, ஏறிய ஆண்களுடையதைவிடக் குறையவில்லை. “ஏனுங்க ரைட்டரு, இன்னிக்கு எனக்கு ஏறு வேலைன்னு போடுங்க” என்றார். நான் மேனேஜரைக் கேட்டேன். அவர் பேனாவை மூடிக்கொண்டே, “அது ஆம்பளைங்க கூலிப்பா. ஒருத்திக்குப் போட்டா நாளைக்கு எல்லாரும் ஏறுவாங்க” என்றார். நான் ‘பொறுக்கு வேலை’ என்று எழுதினேன். எழுதியது என் கை என்பதை நான் மறந்ததே இல்லை. காவேரி கோபப்படவில்லை. சாக்கை உதறி மடித்தபடியே சொன்னார்: “அப்ப அந்த மரத்துக்கிட்டயும் சொல்லி வெச்சிருங்க, ஏறுனது ஆம்பளையா பொம்பளையான்னு பாத்துப்போட்டு மெளகு குடுக்கச் சொல்லி.”

மாதேசனின் கை தவறியது

மலையில் மழைக்குக் கூலி கிடையாது. காலை ஏழு மணிக்கு மழை வலுத்தால் ஆபீஸ் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடிக்க மாட்டோம். அடிக்காவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் பட்டியலில் பேர் இல்லை, கூலியும் இல்லை. ஐப்பசியில் தொடர்ந்து எட்டு நாள்கூட அது மௌனமாகத் தொங்கியிருக்கிறது. அந்த எட்டு நாளும் மாதச் சம்பளக்காரனான எனக்குச் சம்பளம் உண்டு. ஜன்னலுக்குள் உட்கார்ந்து மழையைப் பார்த்ததற்கு! காவேரி கேட்டுக்கொண்டே இருந்தது அந்த மாதச் சம்பளத்தைத்தான். “பெருசா ஒண்ணும் வேண்டாமுங்க. மழை பேஞ்சாலும் எங்க ஊட்டுல அடுப்பெரியோணும், அவ்வளவுதான்” என்பார்.

குப்பனூரிலிருந்து மாதேசன் என்று ஒருவன் குழி வெட்ட வந்திருந்தான். புது நடவுக்குக் குழி. குழிக்கு இவ்வளவு என்று பேச்சு. மற்றவர்கள் ஒரு குழி வெட்டும் நேரத்தில் அவன் ஒன்றரை வெட்டுவான். சம்பள நாளில் எல்லோரையும் போலக் கட்டைவிரலை மை அட்டையில் அழுத்திவிட்டுப் போவான். ஒருமுறை மேனேஜர் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கூட்டமான கூட்டம். அவசரத்தில் மாதேசன் பேனாவை எடுத்து விறுவிறுவென்று கையெழுத்துப் போட்டுவிட்டான். போட்ட பிறகுதான் தன் கையைப் பார்த்தான், திருடனைப் பிடித்தது போல. விசாரித்தால் பத்தாவது பாஸ். படித்தவன் என்று தெரிந்தால் மண்வெட்டி கொடுக்க மாட்டார்கள் என்று மறைத்திருக்கிறான். மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். “பத்தாவது படிச்சவன் மண்ணுல கெடக்கிறதா?” என்று மறுமாதமே அவனை ஸ்டோர் உதவியாளாக மாதச் சம்பளத்தில் போட்டார். குழி வெட்டிச் சம்பாதித்ததில் பாதிதான் அந்தச் சம்பளம். அவன் என்னிடம் வந்து அழாக்குறையாகச் சொன்னான். எனக்கும் வருத்தமாக இருந்தது.

ஆனால் காவேரி கண்ணில் பட்டது வேறு. “ஏனுங்க ரைட்டரு, கைநாட்டு வெச்ச வரைக்கும் அவனுக்கு நாள்கூலி. கையெழுத்துப் போட்ட மறுமாசம் மாசச் சம்பளம். அப்ப இதுல கையெழுத்துதானுங்களே விசியம்?” என்று கேட்டார். நான் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தேன். நிமிராமலே, “ஆமாம்மா, கையெழுத்துப் போடறவங்க மாசச் சம்பளம், கைநாட்டு நாள்கூலி. பட்டியலைப் பாத்தாலே தெரியுதே” என்றேன். பட்டியலில் அது உண்மைதான். பொருளாதாரம் படித்தவன், ஒன்றோடு ஒன்று சேர்ந்து வருவதெல்லாம் ஒன்றால் ஒன்று வருவதாகாது என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காவேரி தன் கட்டைவிரலில் ஒட்டியிருந்த ஊதா மையைப் புடவையில் தேய்த்துக்கொண்டே சொன்னார்: “இத்தன வருசமா இந்த ஒத்த வெரலுதானுங்களா என்ற கூலியப் புடிச்சு நிறுத்திப்போட்டுது?”

களத்தில் காய்ந்த பெயர்கள்

அடுத்த காப்பிப் பருவம். பழத்தை அரைத்துக் கழுவி, களத்தில் பரப்பிக் காயவைப்போம். பெண்கள் நீளக் கைப்பிடி போட்ட பலகையால் அதைக் கிளறிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வருஷம் களத்து வேலையில் பதினோரு பேர். காவேரி அவர்களில் ஒருவர். ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் களம் முழுக்கத் தெரியும். அடிக்கடி ஒருவர் குனிவார், விரலால் எதையோ செய்வார், பிறகு பலகையால் இழுத்துவிடுவார். கல் பொறுக்குகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு மத்தியானம் இறங்கிப் போனபோது, காயும் காப்பியின்மேல் ஒரு கை நீளத்துக்குப் ‘பொன்னம்மா’ என்று எழுதியிருந்தது. கீழே ஏதோ கோடு. பலகையின் தடம் என்று நினைத்துக்கொண்டேன். என்னைக் கண்டதும் பொன்னம்மா வெட்கப்பட்டுத் தன் பேரைத் தானே கிளறிவிட்டுவிட்டாள். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்த மாதச் சம்பள நாளில் பதினோரு பேரும் ஒன்றாக வந்து நின்றார்கள். காவேரி மை அட்டையை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுப் பேனாவைக் கேட்டார். பிறகு ஒவ்வொருவராக எழுதினார்கள், நாக்கைக் கடித்துக்கொண்டு, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி. வரிசை நின்றுவிட்டது. பின்னாலிருந்து ஒரு ஆள், “ஏம்புள்ள, பத்திரமா பதியறே? வெரசாப் போடு!” என்று கத்தினான். “போன வாரம் நீ தண்ணியப் போட்டுட்டு வந்து உன்ற கட்டவெரலத் தேடுன நேரத்தவிட இது கம்மிதான், நில்லு” என்றார் காவேரி. அந்த ஆள் சிரிப்புச் சத்தத்தில் காணாமல் போய்விட்டான்.

எனக்கு மெய்யாகவே புல்லரித்தது. ஒரு பருவத்தில், யார் வீட்டிலும் படித்தவர் இல்லாமல், கரும்பலகை இல்லாமல், பதினோரு பேர்! அந்த நிறைவில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றபோதுதான் காவேரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவர் குரலில் கிண்டல் எதுவும் இல்லை. பதினோரு முகமும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. “மாசச் சம்பளம் அடுத்த மாசத்துல இருந்துங்களா, இல்ல இந்த மாசமேங்களா?”

பதினோரு வால்

மேலே எழுதிக் கேட்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எழுதவில்லை. எழுத வேண்டிய வாக்கியம் எனக்கு அமையவேயில்லை என்று அப்போது சொல்லிக்கொண்டேன். பயம் என்பது சரியான சொல்.

மார்ச்சில் கம்பெனியின் ஆடிட்டர் வந்தார். பேரேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். டிசம்பர் வரை கைநாட்டு. அதற்குப் பிறகு அதே பெயர்களுக்குக் கையெழுத்து. பதினோரு கையெழுத்திலும் கடைசி எழுத்து கீழே இறங்கி இடப்பக்கமாகச் சுழித்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு டிக். அவர் என் மேஜையிலிருந்து ஒரு கூலிச் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொரு ஆளுக்கும் மாதாமாதம் பேர் எழுதி, நாள் எழுதி, சரிபார்த்ததற்கு அடையாளமாகப் பேருக்குக் கீழே ஒரு டிக் போட்டு நான் கொடுக்கும் சீட்டு அது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர்கள் அந்தச் சீட்டைப் பார்த்தே பேரைக் கற்றிருக்கிறார்கள். என் வாலோடு கற்றிருக்கிறார்கள். டிக்கும் பேரில் ஒரு பகுதி என்று நினைத்திருக்கிறார்கள்.

இல்லாத ஆட்களுக்குப் பேர் போட்டு ரைட்டரே கூலியை எடுத்துக்கொள்வது எஸ்டேட்டுகளில் கேள்விப்படாத விஷயம் இல்லை. நான் சொல்லச் சொல்ல, சொல்வது எனக்கே பொய்யாகக் கேட்டது. மேனேஜர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பருவம் முடிந்துவிட்டதால் பத்துப் பேர் அவரவர் காட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். ஸ்டோரில் மூட்டை தைத்துக்கொண்டிருந்த காவேரி மட்டும்தான் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தார். ஆடிட்டர் அன்று மாலையே மலை இறங்க வேண்டும். “அந்த ஒரு ஆளையாவது பங்களாவுக்கு வரச்சொல்லுங்க, என் முன்னால எழுதட்டும், இல்லேன்னா இன்னையோட இந்த ரைட்டரை அனுப்பிடுங்க” என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்: “பதினோரு பொம்பளைங்களுக்கும் ஒரே கை எப்படிய்யா முளைக்கும்?”

அரை மணி நேரம்

காவேரி என்னைத் தாண்டித்தான் பங்களாவுக்குள் போனார். “உங்க பேரை மட்டும் எழுதிக் காட்டிடுங்கம்மா, என் வேலை அதுல இருக்கு” என்றேன். அவர் கையிலிருந்த சாக்குத் தூசியைத் தட்டிக்கொண்டே உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. பனிமூட்டமாக மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. கேட்டருகே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருக்குப் பேர் எழுத ஒரு நிமிஷம் ஆகும் என்று எனக்குத் தெரியும். ஐந்து நிமிஷம் ஆனது. பத்து ஆனது. அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணியில் சேலத்தில் அப்பாவிடம் என்ன சொல்வது என்பதுவரை யோசித்து முடித்துவிட்டேன். கதவு திறந்தது. காவேரி வந்து, “உங்க வேலைக்கு ஒண்ணுமில்லீங்க. எனக்கும் களத்து மேஸ்திரி வேலை போட்டுட்டாங்க, மாசச் சம்பளமுங்க, மழைக்கும் சேத்து” என்று சொல்லிவிட்டு மூட்டை தைக்கப் போய்விட்டார்.

மறுநாள் களத்தில் அவர் சொன்னது இது. ஆடிட்டர் தாளை நீட்டியதும் காவேரி கையை நீட்டவில்லை. “கைநாட்டுக்கு நாள்கூலிங்க, கையெழுத்துக்கு மாசச் சம்பளமுங்க. இப்ப நீங்க கேக்கறது கையெழுத்து. எந்தக் கூலிக்குப் போடச் சொல்றீங்க?” என்று மேனேஜரைக் கேட்டாராம். மேனேஜர் முடியாது என்றாராம். மூன்று முறை முடியாது என்றாராம். கடைசியில் ஆடிட்டர் ஜன்னலுக்கு வெளியே மஞ்சைப் பார்த்துவிட்டு, “குடுத்துத் தொலைங்க சார், இருபது வளைவு இறங்கணும், ரோடு தெரியாமப் போயிடும்” என்றாராம். பிறகுதான் காவேரி பேனாவைத் தொட்டது. வாலும் டிக்கும் சேர்த்து அச்சாக எழுதிக் காட்டியிருக்கிறார். ஆடிட்டர் என் சீட்டையும் அவர் எழுத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தே விட்டாராம்.

பி.ஏ. படித்த நான் வாக்கியம் அமையவில்லை என்று கடிதத்தைத் தள்ளிப்போட்டேன். இவர் அதே கோரிக்கையை, எதிரில் இரண்டு கோட்டுக்காரர்களை வைத்துக்கொண்டு நேராகக் கேட்டிருக்கிறார். அன்று இரவு படுத்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. அந்த அரை மணி நேரமும் அவர் கையில் பிடித்துவைத்திருந்தது என் வேலையை.

ஒரு மாதம் கழித்து, நல்ல மனநிலையில் இருந்த மேனேஜரிடம் மெல்ல விசாரித்தேன். “பேரமா? யார் சொன்னா? பேப்பரைக் குடுத்த உடனே எழுதிடுச்சு. தானா எழுத்துக் கத்துக்கிட்ட பொம்பளைன்னு நானாத்தான் மேஸ்திரி ஆக்கினேன். மிச்ச நேரம் டீ குடிச்சிட்டு இருந்தோம்” என்றார். இரண்டு கதை, நடுவில் ஒரே சாட்சி, டீ கொண்டுபோன அந்தோணி. போய்க் கேட்டேன். அவர் ஒரு நீதிபதியைப் போலச் சொன்னார்: “நான் டிரேயோட போனப்ப அந்தம்மா ரெண்டு கையையும் கக்கத்துல சொருகிட்டு நின்னுச்சு தம்பி. அது பிடிவாதமா குளிரான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

சாக்குப் படுதாவுக்குள் மழைக்காலம்

நியமன ஆணையை நானே டைப் அடித்தேன். ‘எழுத்தறிவு பெற்றமையால்’ என்று காரணம் சொல்லச் சொன்னார் மேனேஜர். அப்படியே அடித்தேன். எழுத்தறிவுதான் காரணமென்றால் மற்ற பத்துப் பேரும் அதே எழுத்தை, அதே வாலோடு, அதே களத்தில்தானே கற்றார்கள்? அவர்களுக்கு நாள்கூலியேதான். அவர்கள் சம்பளப் பேரேட்டில் தொடர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். தண்டவாளத் துண்டு ஒலிக்காத நாளில் வீட்டில் இருந்தார்கள்.

அந்த ஐப்பசி வரைதான் அது. மழை பிடித்த மூன்றாம் நாள் காவேரி ஆபீஸுக்கு வந்து, ஸ்டோரின் பின்தாழ்வாரத்தில் சாக்குப் படுதா கட்டித் தரும்படி கேட்டார். கருப்பும் உடைசலுமாகக் கிடக்கும் காப்பியைப் பொறுக்கித் தரம் பிரிக்க வெயில் எதற்கு, தாழ்வாரம் போதுமே என்றார். அதுவரை அந்த வேலையை வெயில் நாளில் செய்துவந்தோம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. மேனேஜருக்கும் ஆட்சேபம் இல்லை, எப்படியும் செய்யவேண்டிய வேலை. அதன்பின் மழை நாட்களிலும் அந்தப் பத்துப் பேருக்கும் பேர் விழுந்தது. வெயில் நாளில் களத்துக்குப் பத்துக் கை கூடுதலாகவும் கிடைத்தது. நான் பொருளாதாரத்தில் படித்த எந்தப் பாடத்தைவிடவும் சுத்தமான ஏற்பாடு அது.

நான் ஒருநாள் தாழ்வாரத்துக்குள் தலையை நீட்டி, “காவேரி, கையெழுத்துப் போட்டா சம்பளம் கூடும்னு நான் சொன்னது தப்பு. மன்னிச்சிடுங்க” என்றேன். எத்தனையோ மாதமாக மனசில் கிடந்த வாக்கியம். பொன்னம்மாவும் மற்றவர்களும் தலை நிமிராமல் சிரித்தார்கள். காவேரி முறத்தைப் புடைத்துக்கொண்டே பதில் சொன்னார்: “உடுங்க ரைட்டரு. தப்பாச் சொன்னதாலதான கத்துக்கிட்டம்? சரியாச் சொல்லியிருந்தா இன்னமும் வெரல்ல மையப் பூசிட்டுல்ல நின்னிருப்பம்.”

ஒண்டிக்கடையில்

நான் மலையை விட்டு இறங்கிச் சில வருஷம் ஆகிறது. சேலத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஐம்பது தாண்டிய பிறகு ஒரு கெட்ட பழக்கம் வந்திருக்கிறது: முடிந்துபோனவற்றைக் கிளறிப் பார்ப்பது. மேனேஜர் சொன்னது நிஜமானால், காவேரியை உயர்த்தியது எழுத்து, அதுவும் என் எழுத்து. காவேரி சொன்னது நிஜமானால், உயர்த்தியது அவருடைய துணிச்சல். என் எழுத்து அதற்கு வெறும் பணயம். நான் இத்தனை வருஷமும் காவேரி சொன்னதையே எல்லோருக்கும் சொல்லி வந்தேன். அது நன்றாக இருப்பதாலா, உண்மையாக இருப்பதாலா? என் பெருமையை நானே குறைத்துக்கொள்கிறேன் என்று காட்டிக்கொள்ளவா? தெரியவில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஏற்காடு போனவன், ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் காவேரியைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது, வாய் அப்படியே இருந்தது. பேங்க்கிலிருந்து வந்து வாழவந்தி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். பேரைப் போட்டுக் கீழே டிக்கும் போடுவதைப் பார்த்து, பேங்க்கில் இருந்த சின்னப் பெண் ‘அது எதுக்கும்மா, வேண்டாமே’ என்றதாம். “அது இல்லாட்டி என்ற பேரு செல்லாது கண்ணுன்னுட்டனுங்க” என்று சொல்லிச் சிரித்தார். களத்து மேஸ்திரியாகவே வேலையை முடித்திருக்கிறார். கடைசி வருஷங்களில் அவர் சம்பளம் என் சம்பளத்தைத் தொட்டுவிட்டது என்பதை அவருக்கு நினைவூட்டினேன். “தொட்டுதுங்களா, தாண்டுச்சுங்களா? சரியாச் சொல்லுங்க” என்றார்.

படிப்புக்கு எவ்வளவு, ஆணாய்ப் பிறந்ததற்கு எவ்வளவு, கேக்குக்கு எவ்வளவு, மஞ்சுக்கு எவ்வளவு என்று இத்தனை வருஷம் பட்டியல் போட்டும் கூட்டுத்தொகை பிடிபடாத ரைட்டராகிய நான், வாழவந்தி பஸ் வந்து அவர் படியில் கால் வைத்த பிறகுதான் வாயைத் திறந்தேன்: “ஏனுங்க காவேரிக்கா, அன்னிக்கு மேனேஜர் கடைசி வரைக்கும் முடியாதுன்னே நின்னிருந்தா, அந்தக் கையெழுத்தைப் போட்டிருப்பீங்களா?”